வெனேதா அக்கா வாங்கிய மடிக்கணினி

வெனேதா அக்காவின் மரண அறிவிப்பை நான்தான் அடித்து, கட்டட வாசலிலும் பேருந்து நிறுத்தக் கம்பத்திலும் சந்தைச் சுவரிலும் ஒட்டினேன். ஒரு படம், ஒரு சிலுவை, நான்கு வரி. ரூசே நகர நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டு தட்டச்சர் என்று போட்டேன். அந்தத் தாளில் அதற்கு மேல் இடமில்லை. போன அக்டோபரில் அவர் ஒரு மடிக்கணினி வாங்கினார். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அறிவிப்பை ஒட்டியதிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது.

அவர் மூன்றாவது மாடி. நான் இரண்டாவது, நேர் கீழே. அவர் கணவர் நைடென் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர், அதே ஆண்டு பிப்ரவரி மூன்றாம் தேதி இறந்தார். குழந்தைகள் இல்லை. நைடெனுக்கான அறிவிப்பை அக்கா நாற்பதாம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் தானே அடித்து ஒட்டினார். எங்கள் பேட்டையில் அவர் இறந்தது தெரியாத ஆள் இல்லை.

அக்டோபர் பாதியில், கட்டடம் முழுக்கப் பால்கனிகளில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்கா என் கதவைத் தட்டினார்.

"ரலி, உனக்கு இன்னிக்கு லீவுதானே? என்கூட லேப்டாப் கடைக்கு வா. தனியாப் போனா எதையாவது தலையில கட்டிடுவான்."

"பழசுக்கு என்ன ஆச்சு?"

"திரை பாதி இருட்டு. முந்தாநாள்லேருந்து சுத்தமா கண்ணைத் திறக்கல. அடிவயிறு வேற உப்பிப்போச்சு. போதாக்குறைக்கு, விண்டோஸ் பத்துக்கு இனிமே ஆதரவு கிடையாதுன்னு ஒரு மாசமா மிரட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பதினொண்ணு ஏறாதாம். வயசாயிடுச்சாம்."

பழைய கணினியைத் துண்டில் சுற்றி, சந்தைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டார். அடிவயிறு உப்பியது என்று அவர் சொன்னது பேட்டரியை.

ஒக்னியானின் கடை சந்தைக்குப் பின்னால். ஐம்பது வயதுக்காரர். ஜெர்மனியில் அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளை வாங்கிச் சுத்தம் செய்து விற்பார். நைடெனை அவருக்குத் தெரியும். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைப் பிடித்து, குரலை இறக்கி, எங்கள் ஊரில் இறந்தவருக்காகச் சொல்வதுபோல, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்மா" என்றார். அக்கா தலையை அசைத்துவிட்டுப் பையைப் பிரித்தார்.

"முதல்ல சொல்லுங்க, வீட்டுல இதை வெச்சு என்ன பண்ணுவீங்க? அதைப் பொறுத்துதான் மெஷின்."

"கரண்ட் பில் கட்டுவேன். பேங்க் பாப்பேன். மழை வருமான்னு பாப்பேன்."

"படம் பாப்பீங்களா?"

"டிவி இருக்கே."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணுமில்ல." கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

ஒக்னியான் மூன்றை எடுத்து வைத்தார். அக்கா விலைச்சீட்டையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் பத்து விரலையும் ஓட்டினார். முதலாவது மெல்லிசு. "இது பிஸ்கட்டு மாதிரி இருக்கு. விரல் கீழ போச்சா இல்லையான்னே தெரியல." இரண்டாவதில் எண்களுக்கென்று ஓரத்தில் தனி வரிசை இருந்ததால் கை தடம் மாறியது. மூன்றாவது கறுப்பு, தடிமன், மூலையில் கீறல். அதில் மட்டும் ஒரு பத்தி முழுவதையும் அடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இது."

"நல்ல கை உங்களுது. இது ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்த மெஷின். எட்டு மணிக்கு எழுந்துக்கும், நாலு மணிக்குப் படுத்துக்கும். ஒழுக்கமான ஜாதி." ஒக்னியான் இழுப்பறையைத் திறந்தார். "ஜெர்மன் கீபோர்டு. மேல நம்ம எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தரேன். டைப்ரைட்டர் வரிசையா, ஒலி வரிசையா?"

எங்கள் நாட்டு எழுத்துக்கு விசைப்பலகையில் இரண்டு வரிசை உண்டு. அலுவலகத்தில் பழகியவர்களின் விரலில் தட்டச்சுப்பொறி வரிசை இருக்கும். மற்றவர்கள் ஒலி வரிசைக்காரர்கள். அதில் ஆங்கில எழுத்து எந்த ஒலியோ அந்த விசையில்தான் எங்கள் எழுத்தும் இருக்கும். நைடென் ஒலி வரிசை. அக்கா தட்டச்சு வரிசை. ஒரே கணினியில் இருவரும் மாற்றி மாற்றி அடித்து நாற்காலிக்குச் சண்டை போட்டதை நான் கீழே இருந்து கேட்டிருக்கிறேன்.

"ஸ்டிக்கரே வேண்டாம்" என்றார் அக்கா. "நான் விசையைப் பார்த்து அடிச்சதே இல்ல. பார்த்தாத்தான் தப்பு வரும்."

"சரி. உள்ளே என்ன போடட்டும்? விண்டோஸ் பதினொண்ணா, லினக்ஸா?"

"என்ன வித்தியாசம்?"

"பதினொண்ணு போட்டா வரி ஆபீஸ் வேலை, மின்கையெழுத்து அட்டை எல்லாத்துக்கும் சுளுவு. ஆனா ஆரம்பத்துலயே மெயில், போன் நம்பர்னு கேட்டுக் குடைஞ்சு எடுக்கும். லினக்ஸ் காசில்லாம வரும், ஒண்ணும் கேக்காது, இந்த மெஷின்ல பறக்கும், பில்லு, பேங்க், மழைக்கு தாராளம். உங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வந்து பாக்க வீட்டுல ஆள்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"ஆள் இல்ல. சொல்லுங்க."

"இல்லைன்னா நான் இருக்கேன்னு சொல்ல வந்தேன்."

"நைடென் இருந்திருந்தா லினக்ஸ்னு நீங்க சொன்னதுக்கே எழுந்து போயிருப்பார். இன்டர்நெட்ல எல்லாம் அதே மாதிரி தெரியுமா? அதே பக்கம், அதே இடத்துல?"

"அச்சு அசலா அப்படியே."

"அப்ப அதைப் போடுங்க. ஒண்ணும் கேக்காதுன்னீங்களே."

"பேர் ஒண்ணு மட்டும் கேக்கும்."

"வெனேதான்னு போடுங்க. வீட்டுல மத்ததெல்லாம் அவர் பேர்லதான் இருக்கு."

லினக்ஸ் ஏறிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில், பழையதிலிருந்து எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பார்ப்பதற்காக ஒக்னியான் அதன் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு ஒரு திரையில் மாட்டி உயிர் கொடுத்தார். இணைய உலாவி தானாகத் திறந்தது. ஒரு பக்கம் மின்கட்டணம். அடுத்த பக்கம் தாப்லா. இருபத்துநான்கு முனை, முப்பது காய், இரண்டு தாயக்கட்டை. எங்கள் ஊரில் காப்பிக்கடை தோறும் ஆடுவதுதான், இது திரையில். மேல் மூலையில் நைடெனின் பெயர் எரிந்துகொண்டிருந்தது. டிங் என்று ஒரு சத்தம், ஒரு செய்தி வந்து விழுந்தது. திரையில் வந்ததை வாய்விட்டுப் படிப்பது ஒக்னியானுக்குப் பழக்கம்.

"'டேய் நைடென், ரெண்டு நாளா எங்கடா போனே? செத்துகித்துப் போயிட்டியா, இல்ல தோத்துடுவோம்னு பயமா?'"

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. கடை வாசல் கம்பத்தில் நைடெனின் ஆறு மாத அறிவிப்பு மழையில் வெளுத்து இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"மூடுங்க" என்றார் அக்கா.

"அம்மா, இதோட பாஸ்வேர்டெல்லாம் அப்படியே புதுசுக்கு எடுத்து..."

"வேண்டாம். படங்கள் மட்டும் போதும். மத்ததை அழிச்சுடுங்க."

"யோசிச்சு..."

"அழிச்சுடுங்கன்னேன்."

ஒக்னியான் படங்களை நகலெடுத்தார். பழைய வன்வட்டைக் கழற்றி, வாடிக்கையாளர் கண்முன்னால் துளை போடுவதுதான் தன் வழக்கம் என்று சொல்லி, துளை போட்டார். அக்கா அந்தச் சத்தம் நிற்கும்வரை கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, பாதி வழியில் அவராகவே ஆரம்பித்தார்.

"அவன் பேரு ஸ்பாஸ். விதின் ஊர்ல இருக்கான். நைடெனும் அவனும் நேர்ல பார்த்ததே இல்ல. ஆறு வருஷமா தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம். அவர் போய் ஒன்பதாம் நாள் கரண்ட் பில் கட்டத் திறந்தேன். ஆறு மணி. 'உருட்டுடா கிழவா'ன்னு வந்துச்சு. அவர் போயிட்டாருன்னு அடிச்சேன். அழிச்சேன். திரும்ப அடிச்சேன். அப்புறம் கட்டையை உருட்டிட்டேன்."

"அதுலேர்ந்து தினமுமா?"

"தினமும். நாலு ஆட்டம், அஞ்சு ஆட்டம். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேனே, வராதா? ஜெயிச்சா திட்டுவான். தோத்தா பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போடாம்பான். அவன் பொண்டாட்டி சமையல், இடுப்பு வலி, மேயர், எல்லாம் சொல்வான். நானும் நைடென் மாதிரியே ரெண்டு வார்த்தை திட்டி அனுப்புவேன்."

"நீங்களா?"

"நான்தான். முப்பத்தொரு வருஷம் மத்தவங்க திட்டினதையெல்லாம் அப்படியே தட்டச்சு பண்ணினவ. எனக்குத் தெரியாத வசவா?" சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "ரலி, அடக்கம் முடிஞ்சதுலேருந்து எல்லாரும் என்கிட்ட மெல்லப் பேசுறாங்க. ரொட்டிக்கடைக்காரி, டாக்டர், இப்ப ஒக்னியான். குரலை இறக்கி, தலையைச் சாய்ச்சு. அவன் ஒருத்தன்தான் சத்தமாப் பேசுறான். அவனுக்குத் தெரியாது, அதனால."

"ஒக்னியான்கிட்ட எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டீங்களே, பாஸ்வேர்டு?"

"நோட்டுல இருக்கு. அந்த ஆளு முன்னாடி அதைப் போய்க் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?"

அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மறுபடி என் கதவைத் தட்டினார்.

"பூட்டிக்கிச்சு."

மேலே போனேன். சமையலறை மேசையில் புது மடிக்கணினி, பக்கத்தில் நைடெனின் குறிப்பேடு. கடவுச்சொல் எங்கள் எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது, ஒரு மீன் பெயரும் நான்கு எண்களும். அக்கா ஐந்து முறை பிழையில்லாமல் அடித்திருக்கிறார். ஐந்து முறையும் தவறு என்று வந்து, கணக்கு பூட்டிக்கொண்டது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நைடென் குறிப்பேட்டில் எங்கள் எழுத்தில் எழுதினாலும், அடித்தது ஆங்கில எழுத்தில், ஒலிக்கு ஒலி. அக்காவின் விரல்களோ மீன் பெயரைப் பார்த்ததும் நீதிமன்றத்து விசைகளுக்குத் தாமாகப் போய்விட்டன. பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும், எழுத்து தெரியாது. விசைகளின் மேலும் எங்கள் எழுத்து இல்லை. உலகத்தில் எந்தத் தட்டச்சரும் இதைவிடச் சரியாக அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

"திறக்க வழி?"

"பதிவு பண்ணின கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்புவாங்களாம்."

"அவர் நம்பரை ஆகஸ்டுலயே கம்பெனிக்குத் திருப்பிக் குடுத்துட்டேனே. ஆறு மாசம் முடிஞ்சதும். சும்மா எதுக்கு மாசாமாசம்னு..." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனது. விதினில் ஸ்பாஸ் இப்போது உட்கார்ந்திருப்பான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "புதுசா ஒரு கணக்கு தொடங்குங்க. 'நான்தாண்டா நைடென், பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு எழுதுங்க. அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

அக்கா அதை அடிக்கவும் செய்தார். 'நான்தாண்டா நைடென்' என்பதுவரை. அங்கே விரல் நின்றது.

"இத்தனை நாள் அவர் கணக்குல அவர் பேர் அதுவா எரிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப நானே என் கையால எழுதணும். எவ்வளவோ பொய்ச் சாட்சியைத் தட்டச்சு பண்ணியிருக்கேன், ஆனா கீழே கையெழுத்து என்னுதில்ல." அடித்ததை அழித்தார். "நீ போ ரலி. நான் பாத்துக்கறேன்."

என்ன எழுதினார் என்று மூன்று நாள் கழித்துக் காட்டினார். தன் பெயரிலேயே கணக்கு திறந்திருந்தார். ஒரு சொல் கூடாமல் குறையாமல் நீதிமன்றப் பதிவு மாதிரி இருந்தது: "நைடென் கோலெவ் பிப்ரவரி மூன்றாம் தேதி காலை இறந்துவிட்டார். பிப்ரவரி பன்னிரண்டு முதல் அக்டோபர் பதின்மூன்று வரையிலான ஆட்டங்கள் அனைத்தையும் ஆடியவர், கீழே கையொப்பமிட்டுள்ள அவரது மனைவி. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்தில் இல்லை." கூடவே நைடெனின் அறிவிப்புத் தாளையும் இணைத்திருந்தார். அதைப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் சாவை நம்ப மாட்டார்கள்.

கீழே ஸ்பாஸின் பதில். அது அன்று காலைதான் வந்திருந்தது.

"அம்மா, கடவுள் அவனை மன்னிக்கட்டும். உங்க மேல கோபம் இல்ல. எனக்கு அவன் இன்னிக்குத்தான் செத்திருக்கான். நாப்பது நாள் நான் பலகையைத் தொட மாட்டேன். அதுக்கப்புறம் உங்களுக்கு இஷ்டம்னா ஆடலாம். ஸ்பாஸ்."

"வருவான்" என்றேன்.

"முறையாத்தான் எழுதியிருக்கான்" என்றார் அக்கா. அந்தத் தாளை எத்தனை முறை படித்திருப்பார் என்று தெரியவில்லை. தாளா என்றால், ஆமாம், அச்சடித்து வைத்திருந்தார்.

நாற்பது நாளை அவரும் எண்ணினார். மாலை ஆறு மணிக்கு மடிக்கணினியை மூடியே வைத்திருந்தார், சாவு வீட்டில் கண்ணாடியை மூடி வைப்பதுபோல. பகலில் அதில் மழை பார்த்தார். லினக்ஸ் பிரமாதம், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்று படிக்கட்டில் பார்க்கும்போது சொல்வார். வேறு பேச்சு இருக்காது. நவம்பர் கடைசியில், ஸ்பாஸின் கணக்கில் நாற்பதாவது நாளன்று, கோதுமையை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து, கிண்ணங்களில் போட்டு ஒவ்வொரு மாடிக்கும் கொடுத்தார். நைடெனுக்கு மார்ச்சில் கொடுத்தபோது இருந்த அதே கிண்ணங்கள். தரைத்தள மின்சோ அதைக் கையில் வாங்கிக்கொண்டு முழித்தார்.

"யாருக்கு வெனேதா?"

"நைடெனுக்கு. நாப்பதாம் நாள்."

"அவன் போய்ப் பத்து மாசம் ஆகப்போகுதே!"

"விதின்ல இன்னிக்குத்தான் நாப்பது."

மின்சோ, படிக்கட்டில் என் கிண்ணத்தோடு நின்ற என்னைப் பார்த்து, காதருகில் விரலைச் சுழற்றிக் காட்டினார். நான் கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றேன்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார். "சும்மா பக்கத்துல உக்காரு. ஒண்ணும் பேச வேண்டாம்." முடி வெட்டிவிட்டு வந்திருந்தார். மேசையில் இரண்டு காப்பி, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா ஒரு துண்டு. அதை இருவரும் தொடவில்லை.

ஆறு மணிக்குச் சரியாக ஸ்பாஸ் வந்தான்.

"வணக்கம் அம்மா. நல்லா இருக்கீங்களா? கட்டை உங்களுது, உருட்டுங்க."

அக்கா உருட்டினார். காய்கள் நகர்ந்தன. எனக்கும் தாப்லா தெரியும், அதனால் அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று தெரிந்தது. தயங்காமல், வழி மறித்து, ஒரு காயையும் தனியே விடாமல் ஆடினார். முதல் ஆட்டத்தில் ஸ்பாஸ் ஒரு காயைக்கூட வெளியே எடுக்கும் முன் அக்கா முடித்துவிட்டார். அப்படி ஜெயித்தால் இரண்டு மடங்கு புள்ளி. காப்பிக்கடையாக இருந்தால் தோற்றவன் மேசையைத் தூக்கி எறிந்திருப்பான்.

அக்கா திரைக்கு அருகில் குனிந்து காத்திருந்தார்.

"நல்ல ஆட்டம் அம்மா" என்று வந்தது. "வாழ்த்துகள்."

இரண்டாவதில் அக்கா வேண்டுமென்றே ஒரு காயைத் தனியே விட்டார். நான் பார்த்தேன். ஸ்பாஸ் அதை அடிக்காமல் விட்டுவிட்டான். மூன்றாவதில் அக்கா தோற்றார். "உங்களுக்கு இன்னிக்கு அதிர்ஷ்டம் இல்ல, பரவாயில்லம்மா. உடம்பைப் பாத்துக்கோங்க. குளிர் ஆரம்பிச்சுடுச்சு."

அக்கா 'நன்றி' என்று அடித்தார். மடிக்கணினியை மூடவில்லை. வெறும் பலகை திரையில் இருந்தது.

"பாத்தியா ரலி" என்றார். "அவனும் குரலை இறக்கிட்டான்."

டிசம்பரில் அவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான். புத்தாண்டுக்குப் பிறகு ஞாயிறு மட்டும். பிப்ரவரியில், நைடெனின் ஆண்டு நினைவுக்கு இரங்கல் எழுதினான். அதன் பிறகு வரவில்லை. அக்கா அவனைக் கேட்கவும் இல்லை. ஆறு மணிக்கு விளையாட்டைத் திறந்து வைத்து, யாரோ ஒரு கிரேக்கனோடும் யாரோ ஒரு துருக்கியனோடும் ஆடினார். அவர்கள் ஒன்றும் எழுதுவதில்லை, உருட்டுவார்கள், நகர்த்துவார்கள், போய்விடுவார்கள். மே மாதம் ஒரு காலையில் அக்காவின் இதயம் நின்றுபோனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஆறு மணிக்கு வீட்டில்தான் இருந்தேன், நேர் கீழே. தட்டிவிட்டு உள்ளே போய், பலகையை மேசையில் போட்டு, வாங்க, இன்னிக்கு உங்களைத் தோக்கடிச்சு அழவிடறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படிக்கட்டில் பார்க்கும்போது நின்று, தலையைச் சாய்த்து, எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்டேன். மெல்லத்தான் கேட்டேன்.